நாற்பத்தோராம் நம்பர் டேப்

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில், காற்றடித்தால் வெள்ளையாகவும் அடிக்காவிட்டால் சாம்பலாகவும் தெரிகிற எங்கள் உரக் கம்பெனி டவுன்ஷிப்பில், போன வருஷம் ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சாயங்காலம் நாலே முக்கால் மணிக்கு, இருபது வருஷத்துக்கு முந்தைய நான் ஆபீஸ் விட்டு வந்தேன். நீலக் காட்டன் சேலை, தோளில் ரெக்சின் பை, பைக்குள் காலி டிபன் பாக்ஸ் கலகலக்க, ஓட்டமும் நடையுமாக மெயின் கேட்டைத் தாண்டி வந்தேன். அந்த நேரத்தில் இப்போதைய நான் சி பிளாக் பதினான்காம் நம்பர் வீட்டுக் கொல்லையில் சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தேன். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு தேதியை மாற்ற மறந்துபோனார், அவ்வளவுதான். கடைக்கு அனுப்பினால் கொத்தமல்லியை மறந்துவிட்டு வருகிற மனுஷன் தேதியை மறந்தது ஒரு செய்தியா.

அவர் பெயர் கிளமென்ட். கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் டேப் அறை அவர் பொறுப்பு. கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் டேப்பில் நகல் எடுத்து, நம்பர் ஒட்டி, ஏசி அறையில் இரும்பு அலமாரியில் அடுக்கிவைப்பார். ஆபீஸில் எதுவாவது தொலைந்தால் அங்கிருந்து எடுத்துக் கொடுப்பார். வீட்டில் தொலைந்த எதையும் அவர் எடுத்துக் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

வீட்டில் தொலைந்தது எங்கள் மகளின் முகம். மேபல் இரண்டரை வயதில், தொண்ணூற்றொன்பதாம் வருஷம், பெரிய வியாழனன்று மூளைக்காய்ச்சலில் போனாள். மறுநாள் பெரிய வெள்ளி. அன்றைக்குக் கோவில் மணி அடிக்கக் கூடாது, பூசை கிடையாது. மரத்தால் செய்த கிலுக்கைத் தட்டிக்கொண்டு உபதேசியார் முன்னால் போக, மணி அடிக்காமல் அவளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். காய்ச்சல் கண்ட செவ்வாய்க்கிழமை நான் பர்சனல் டிபார்ட்மெண்டில் உட்கார்ந்து வருஷக் கடைசி அறிக்கையை நாலு பிரதியில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் வேலைக்குப் போகவில்லை. வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. இருந்த படங்கள் எல்லாம் ஒரே ஆல்பத்தில், பிசின் தடவின தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் போர்த்திய ஆல்பத்தில், பரண்மேல் இருந்தன. அந்த ஜூனுக்கு முந்தின ஐப்பசி மழையில் பரண் ஒழுகி எல்லாம் ஒட்டிக்கொண்டன. நீராவியில் காட்டி மெல்ல மெல்லப் பிரித்திருக்க வேண்டும். எனக்கு எங்கே பொறுமை. பிடித்து இழுத்தேன். முகங்கள் எல்லாம் பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்து, கையில் வழவழவென்று கலங்கிப் போயின. அதற்கப்புறம்தான் கண்ணை மூடிப் பார்த்தேன். கண்ணுக்குள்ளும் முகம் இல்லை. கவுன் இருக்கிறது, கொலுசு இருக்கிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் மாதிரி ஏதோ இருக்கிறது.

"உங்க ஆபீஸ்ல அவ போட்டோ இருக்குமே," என்றேன் கிளமென்டிடம். "ஆஸ்பத்திரி கார்டுக்காக மூணு பேரும் எடுத்தோமே. என் ஃபைல்ல ஸ்கேன் பண்ணி வெச்சாங்களே."

"நீ வேலைய விட்டதும் அந்த ஃபைல அழிச்சிட்டாங்க ஹில்டா. டேப்ல இருக்கும். ஆனா இன்டெக்ஸ் காலாவதி ஆயிட்டு."

"புரியுற மாதிரி சொல்லுங்க."

"எந்த டேப்ல எந்த இடத்துல என்ன இருக்குன்னு கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் வெச்சிருக்கும். ஏழு வருஷம் ஆச்சுன்னா பட்டியல்ல இருந்து பேர அடிச்சிரும். பொருள் டேப்ல அப்படியேதான் இருக்கும். எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

"டப்பா மேல ஒட்டின பேப்பர் உதிர்ந்துட்டு. அதுக்காக உள்ள இருக்கிற பருப்பு இல்லன்னு ஆயிருமா? தொறந்து பாருங்க."

"தலையில இருந்து வால் வரைக்கும் முழு டேப்பையும் ஓட விடணும். காலைல போட்டா சாயங்காலம் ஆகும்."

"இருபது வருஷம் ஆகாதுல்ல?"

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நாற்பத்தோராம் நம்பர் டேப்பை, தொண்ணூற்றொன்பது மார்ச் இருபத்தாறாம் தேதி டேப்பை, மேபலுக்குக் காய்ச்சல் வருவதற்கு நாலு நாள் முந்திய டேப்பை, மெஷினில் போட்டார். நாலரை மணிக்குப் பட்டியல் திரும்ப எழுந்தது. என் ஃபைலும் வந்தது. படத்தில் மேலே மூன்று விரல்கடை மட்டும் வந்தது: ஸ்டூடியோவின் நீலத் திரை, அவருடைய வகிடு, என் தலையில் வைத்த பூ. அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல். படம் வரவில்லை. நான் வந்தேன்.

எதிர்வீட்டு ரஹ்மத் நிஷாதான் கொல்லைப்பக்கம் வந்து சொன்னாள். "ஹில்டா, நீ அங்க காப்பகத்து வாசல்ல நிக்கிறே. போய் என்னன்னு கேளு."

கை கழுவாமல் போனேன். பிள்ளைக் காப்பகம் மூடி வருஷம் பன்னிரண்டு ஆகிறது. இப்போது அது கூட்டுறவு ஸ்டோரின் வெங்காய கோடவுன். மூட்டைகளுக்கு நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பு இருந்தது எனக்கு அப்போது. பின்னல் முழங்கை வரை இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, யாரோ ஒரு குண்டு ஆன்ட்டி மீன் வாடையோடு நிற்கிறாள் என்கிற அளவுக்கு மட்டும் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, காப்பகத்த எங்க மாத்தினாங்க? பிள்ளைங்கல்லாம் எங்க? எம் பொண்ணு மேபல்னு, ரெண்டரை வயசு," என்றாள்.

என் கான்வென்டில் பொய் சொன்னால் சிஸ்டர் நாக்கில் சோப்பைத் தேய்ப்பார். அந்தப் பழக்கமோ, இல்லை என் வாயின் லட்சணமோ, சொல்லிவிட்டேன். "மேபல் செத்து இருபது வருஷம் ஆச்சு. உனக்குத்தான் தெரியல. நல்லாப் பாரு, நான் யாருன்னு."

அவள் பார்த்தாள். அப்புறம் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். அதற்கப்புறம் ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் முன்பே ஒருமுறை எழுப்பியிருக்கிறேன். வெளியில் நின்று கேட்டதில்லை. கேட்டபடியே ஒரு மணி நேரம் நின்றேன். ஆறு மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதியது. மூட்டைமேல் பள்ளம் மட்டும் இருந்தது.

"தேதிய மாத்தாம விட்டுட்டேன்," என்றார் கிளமென்ட் ராத்திரி சாப்பிடும்போது. திரும்பக் கட்டிய பட்டியலுக்குப் புதுக் காலக்கெடு போட வேண்டுமாம். போடாவிட்டால் ஆறு மணிச் சங்கோடு கம்ப்யூட்டருக்குள் தானாக ஓடுகிற துப்புரவு வேலை, பழைய தேதியைப் பார்த்து, இது எப்போதோ முடிந்த கதை என்று துடைத்துவிடுமாம். "திங்கக்கிழமை மறுபடி ஓட்டுதேன். தேதிய நீட்டிட்டா நிலையா இருப்பா. ஒரு தடவ அழுவா. அப்புறம் நம்மளப் போல ஆயிருவா."

"நம்மளப் போல ஆகுறதுக்கா அவளக் கொண்டுவரணும்?" என்றேன். "தேதியத் தொடாதீங்க. ஆனா ஓட்டுங்க."

எங்கள் டவுன்ஷிப்பில் யாரும் மூர்ச்சை போட்டு விழவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அமோனியா கசிந்த அன்றைக்கே ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு சீரியல் பார்த்தவர்கள். சனிக்கிழமை லேடீஸ் கிளப்பில் கூட்டம் போட்டார்கள். நான் உண்மையைச் சொன்னது அநியாயம் என்று பதினேழு பேர் கை தூக்கினார்கள். டைம் ஆபீஸ் பார்வதிநாயகம், கம்பெனியில் எல்லாவற்றுக்கும் ஒரு ரெஜிஸ்டர் உண்டு என்று நம்புகிற மனுஷர், அவளை வருகைப் பதிவில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மட்டும் கேட்டார். பணியிலிருந்து விலகியவர் வேலைக்கு வராமலேயே வேலை முடிந்து வெளியே போவதற்குக் கட்டம் இல்லையாம். செவ்வாய்க்கிழமை நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை வந்தது: மீட்டெடுக்கப்பட்ட நபர்களுக்குக் கேண்டீன் டோக்கன் கிடையாது, அவர்கள் ஆறு மணிக்கு மேல் வளாகத்தில் தங்க அனுமதி இல்லை. கீழே மேலாளர் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். அதோடு ஊர் அதை ஒப்புக்கொண்டுவிட்டது.

திங்கட்கிழமைக்குள் வெங்காய மூட்டைகளை ஆள்விட்டு நகர்த்தினார்கள். சுவரில் யாரோ வாத்துப் படம் வரைந்தார்கள். அந்தக் காலத்து ஆயா வெயிலுகந்தாள், எழுபத்திரண்டு வயது, முட்டி வலி, பேரன் வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்து பழைய பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஆயாவின் நரையையோ, சுவரின் பாசியையோ, எதிரே முளைத்த செல்போன் கோபுரத்தையோ, டேப்பிலிருந்து வந்தவள் கவனிக்கவில்லை. வேலை விட்டு வருகிற தாய் அஞ்சு மணிக்குக் காப்பகத்து வாசலில் பிள்ளையைத் தவிர எதைப் பார்ப்பாள்.

முதலில் பார்வதிநாயகத்தின் பேத்திக்குக் கவுன் மாட்டி, மேபல் என்று கொடுத்துப் பார்த்தார்கள். அவள் அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, "யார் வீட்டுப் பாப்பா இது, அழகா இருக்கு," என்று சொல்லிவிட்டு, "எம் பொண்ணு எங்க?" என்றாள். கூடியிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெயிலுகந்தாள்தான் யோசிக்காமல் சொன்னாள், "சார் வந்து கூட்டிட்டுப் போயிட்டாவம்மா. துறைமுகத்து ஜெட்டிக்குக் கப்பல் காட்டப் போறேன்னாவ. ஆறு மணிக்கு வந்திருவாவ. இப்படி உக்காருங்க."

அந்தப் பொய் நின்றுவிட்டது. அதனால் கிளமென்டுக்கு வீடு வர வழியில்லாமல் போனது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கப்பல் பார்த்துக்கொண்டிருக்கிற மகள் இல்லாமல் அவர் மட்டும் அந்தத் தெருவில் தலையைக் காட்ட முடியுமா. தினமும் நாலரைக்கு டேப் முடிந்ததும் உள்ளே தாழ்போட்டுக்கொண்டு, சங்கு ஊதும்வரை, அந்த ஏசிக் குளிரில் அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். அவளைப் பார்க்க ஆசையாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "மெயின் கேட் தொறக்கிற சத்தம் கேக்கும்," என்றார். "டிபன் பாக்ஸ் சத்தமும் கேக்கும்."

நான் பக்கத்தில் பெஞ்சில் உட்காருவேன். ஏழு நிமிஷத்தில் அவளைப் பேசவைத்துவிடலாம். பிள்ளை பெற்ற முதல் மூன்று வருஷத்தில் எந்தப் பெண்ணையும் பேச வைக்கச் சாவியே வேண்டாம். சொல்லுவாள், நான் வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதிக்கொள்வேன். மேபல் தோசையின் ஓரத்தை மட்டும் வட்டமாகக் கடித்துவிட்டு நடுவைத் திருப்பிக் கொடுப்பாள். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, சரியாகப் போட்டுவிட்டால் அழுவாள். சங்கு ஊதினால் கையைக் கூப்புவாள், அதைச் சாமி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். என் கழுத்துச் செயினில் கிடக்கிற மாதா சுரூபத்தை வாயில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். இடது காதுக்குப் பின்னால் எள்ளளவு மச்சம். இவையெல்லாம் எனக்குள் இருந்தவைதான். எங்கே இருந்தன என்றுதான் தெரியாமல் போயிருந்தது. ஒவ்வொன்றையும் அவள் சொல்லச் சொல்ல, பட்டியலில் பெயர் ஏறுவது போல, எனக்குள் எங்கோ ஒரு விளக்கு எரிந்தது.

ஊரும் அவளிடம் மயங்கியது. ரஹ்மத் நிஷா கிண்ணத்தில் இனிப்பு வட்டலாப்பம் கொண்டுவந்து வைப்பாள். "இந்த ஹில்டாகிட்ட பேசினா மனசுக்கு எவ்வளவு இதமா இருக்கு," என்பாள் என்னிடமே. "நீ இப்படியா இருந்தே? எங்கடி போய் இப்படிக் கடுகு மாதிரி ஆனே?" பிளாக்குக்குப் பிளாக் பெண்கள் முறைபோட்டு வந்து அவளிடம் பொய் சொன்னார்கள். அவளுக்குத்தான் நேற்று என்பதே இல்லையே, ஒரே பொய் போதும். ஆனால் சொல்கிறவர்களுக்கு அலுத்துவிட்டது. கப்பல் போய் ரயில் வந்தது, ரயில் போய் பூங்காவில் மயில் வந்தது, மேபல் மயிலுக்குப் பொரி போட்டாள், மேபல் சர்ச் வாசல் மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினாள், மேபல் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனாள். இரண்டரை வயதில் போனவள் எங்கள் டவுன்ஷிப்பில் அந்த அஞ்சு வாரத்தில் போகாத இடம் இல்லை. அத்தனை இடத்திலிருந்தும் ஆறு மணிக்குத் திரும்பி வந்துகொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை டேப் அறை பூட்டு. அன்றைக்குத் தெருவே இழவு வீடு மாதிரி இருக்கும்.

எனக்கு வேண்டியது மட்டும் கிடைக்கவில்லை. முகத்தை எப்படிச் சொல்லச் சொல்லிக் கேட்பது. "மூக்கு யார் மாதிரி?" என்பேன். "எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு அவங்க வீட்ல சொல்றாங்க, எங்க வீட்ல என்ன மாதிரிங்கறாங்க." "கண்ணு?" அவள் சிரித்துவிடுவாள். "கண்ணு கண்ணு மாதிரிதான் ஆன்ட்டி இருக்கும். இன்னும் அரை மணி நேரத்துல வந்துருவா. நீங்களே பாத்துக்கங்களேன்." நானும் ஒவ்வொரு நாளும், கிறுக்கச்சி மாதிரி, ஆறு மணி ஆவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் தெருமுனையைப் பார்ப்பேன்.

பத்தொன்பதாவது தடவை வந்தபோது மச்சத்தைக் கேட்டேன், அவள் யோசித்தாள். "வலது காதா, இடது காதா... இருங்க, இன்னைக்குக் காலைலதானே தலை சீவினேன்." இருபத்திரண்டாவது தடவை தோசை ஓரம் இல்லை, என்ன கொடுத்தாலும் சாப்பிடுவாள் என்றாள், எந்தப் பிள்ளையைப் பற்றியும் எந்தத் தாயும் சொல்கிற மாதிரி. சங்குக்குக் கை கூப்புவதைச் சொன்னபோது, "அப்படியா, பண்ணுவாளா?" என்று என்னையே கேட்டாள்.

அன்று இரவு கிளமென்ட் சட்டைப் பையிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் காபித்தூள் போலப் பழுப்பாக ஒட்டியிருந்தது.

"டேப் பொடியுது ஹில்டா. ஒவ்வொரு தடவ ஓட்டினதும் மெஷின் தலையத் துடைக்கும்போது இவ்வளவு வருது. இதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஏதோ இருந்துச்சு."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"ரெண்டாவது வாரமே சொன்னேன். நீ குழம்பத் தாளிச்சிட்டு இருந்தே. அப்புறம் சொல்லுங்கன்னே."

சொன்னேன்தான். பஞ்சை எடுத்து விளக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன்.

"நிறுத்திக்கலாம்," என்றார் அவர். "அலமாரியிலயே இருக்கட்டும். இருக்குன்னு தெரிஞ்சா போதாதா?"

"ஓட்டாம இருக்கிறதுக்கும் இல்லாம இருக்கிறதுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"ஓட்டினாத் தேயும். அதான் வித்தியாசம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் தெரிந்தே, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்றே ஒன்று என்று நாலு தடவை கேட்டேன். அவர் எனக்கு எதையும் இல்லை என்று சொல்லத் தெரியாமல் நாலு தடவை ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் அவள் கொஞ்சம் மெதுவாக நடந்து வந்தாள். பெண்கள் அதைக் கவனித்தார்கள். பொய் சொல்ல வருகிற கூட்டம் குறைந்தது. ரஹ்மத் நிஷா வட்டலாப்பக் கிண்ணத்தை வைத்துவிட்டு, "போதும்டி, விட்டுரு. அவள ஏன் சுரண்டுறே," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இருபத்தேழாவது தடவை மெஷின் ஒரே இடத்தில் நின்று நின்று, பின்னால் போய் முன்னால் வந்து, பதினோரு முறை முட்டிப் பார்த்துவிட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போனதாம். அதனால் டேப் முடிய அஞ்சு பத்து ஆனது. வெயிலுகந்தாள் ஸ்டூலில் ஆயத்தமாக இருந்தாள். நான் பெஞ்சில் இருந்தேன். அவள் வந்தாள்.

ஓடவில்லை. நடந்தாள். டிபன் பாக்ஸ் சத்தம் போடவில்லை. போகிற வழியில் நின்று, வேலியில் பூத்திருந்த தங்கரளியை ஒன்று பறித்து முகர்ந்து பார்த்தாள். காலத்தைக் கையில் வைத்திருக்கிறவள் நடக்கிற நடை அது. கல்யாணம் ஆன புதுசில் இரண்டு வருஷம் நான் அப்படி நடந்திருக்கிறேன். காப்பகத்து வாசல் வந்தது. வெயிலுகந்தாள் எழுந்து, "சார் வந்து கூட்டிட்டுப்..." என்று ஆரம்பித்தாள். அவள் ஆயாவுக்கு ஒரு புன்சிரிப்புக் கொடுத்துவிட்டு, யாரையோ சொல்கிறாள் என்று நினைத்து, வாசலைத் தாண்டிப் போனாள்.

ஆயா அப்படியே நின்றாள். திரும்பி என்னைப் பார்த்து, "தாயி, அம்மாவுக்கு..." என்றவள் பச்சை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

நான் எழுந்துவிட்டேன் போலிருக்கிறது. என்ன சத்தம் போட்டேன் என்று தெரியவில்லை. தாண்டிப் போனவள் திரும்பி வந்தாள்.

"ஆன்ட்டி, என்ன ஆச்சு? உக்காருங்க. தண்ணி வேணுமா?" பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து கொடுத்தாள். "யாரையாவது தேடுறீங்களா?"

அவள் முகம் பக்கத்தில் இருந்தது. அதில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு அவசரம் இல்லை, ஒரு பிள்ளை இல்லை. நான்தான் தேய்த்தேன். ஒவ்வொரு நாளும் கண் எப்படி, மூக்கு எப்படி என்று கேட்டுக் கேட்டு, அவளிடம் இருந்த ஒரே ஒரு முகத்தை நான்தான் பொடியாக்கிப் பஞ்சில் துடைத்துப் போட்டேன். இனி அந்த முகம் அவளிடமும் இல்லை, என்னிடமும் இல்லை, உலகத்தில் எந்த அலமாரியிலும் இல்லை.

"எனக்கு ஒரு பொண்ணு இருந்தா," என்றேன். "போயிட்டா."

"எப்போ ஆன்ட்டி?"

"ரொம்ப நாள் ஆச்சு. ரெண்டரை வயசு."

அவள் ஐயோ என்று சொல்லவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, என்னை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அழுதாள். இந்த இருபது வருஷத்தில் எனக்காக யாரும் அப்படி அழுததில்லை. அழ வந்தவர்களையெல்லாம் நான் ஒரு வார்த்தையில் வாசலோடு அனுப்பியிருக்கிறேன். தன் பிள்ளைக்கு அழுவது வேறு, அது தொண்டையை அறுத்துக்கொண்டு வரும். அடுத்தவள் பிள்ளைக்கு அழுவது வேறு, அது மழை மாதிரி, தாராளமாக வரும். அவள் மழை மாதிரி அழுதாள். அவள் தோளில் பாண்ட்ஸ் பவுடர் வாசனையும் டைப்ரைட்டர் ரிப்பன் வாசனையும் அடித்தது.

"சொல்லுங்க ஆன்ட்டி, அவளப் பத்தி. சொன்னா பாரம் குறையும்."

சொன்னேன். நோட்டு வேண்டியிருக்கவில்லை. தோசை ஓரம், மாற்றிப் போட்ட செருப்பு, இடது காதின் மச்சம், வாயில் வைத்துக்கொண்ட மாதா சுரூபம் எல்லாவற்றையும், என்னிடம் அவள் சொன்ன வரிசையிலேயே அவளுக்குச் சொன்னேன். சங்கைச் சாமி என்று கும்பிடுவாள் என்றபோது அவள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். முகத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கூட்டுறவு ஸ்டோர் கடிகாரத்தில் ஆறாக இரண்டு நிமிஷம் இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"பேரு என்ன ஆன்ட்டி அவளுக்கு?"

"மேபல்."

அவள் அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். புதுச் சேலையின் மடிப்பைத் தடவிப் பார்க்கிற மாதிரி சொன்னாள்.

"நல்ல பேரு," என்றாள். அப்புறம், கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, கான்வென்ட் பிள்ளைகள் தயங்குகிற மாதிரி ஒரு காலை மறு காலில் தேய்த்துக்கொண்டு கேட்டாள்: "தப்பா நினைக்காதீங்க ஆன்ட்டி. நாளைக்கு எனக்கு ஒரு பொண்ணு பிறந்தா, இந்தப் பேர வெச்சுக்கட்டுமா?"

"வெச்சுக்கோ," என்றேன்.